மூன்றாம் கொட்டகை ரசிகர்கள்

கோகிலன் வயலினைக் கையில் எடுத்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. அதில் பெரும்பகுதி அடுத்தவர் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கழிந்தது. பினாங்கில் எந்த மேடையில் யார் பாடினாலும், பாடகருக்கு இடப்பக்கம் சற்று ஒதுங்கி, விளக்கு வெளிச்சம் பாதி விழும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். பாடகர் பாடியதை அவர் திருப்பி வாசிக்கும்போதுதான் ஜனங்கள் தண்ணீர் குடிப்பார்கள், இருமுவார்கள், பக்கத்திலிருப்பவரின் மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பார்கள்.

வேலை பாயான் லெப்பாஸில், ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில். டெக்னீஷியன். உள்ளே நுழையும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்துக்கு மறைப்பு, கைக்கு உறை. பதினெட்டு வருட சர்வீசுக்குப் பிறகும் காண்டீனில் அவரைப் பார்த்து, "புதுசா சேர்ந்தீங்களா?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர் நாற்பத்து நான்கு வயதில் யூடியூப்பில் ஒரு சேனல் ஆரம்பித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுங்கை ஆரா அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பாயை விரித்து, எதிரே அரிசி டின்னின்மேல் போனைச் சாய்த்துவைத்து வாசிப்பார். இரண்டு வருடத்தில் எழுபது வீடியோ போட்டார். அதிகபட்சமாக ஒன்றை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அதில் அறுபது தடவை பார்த்தவர் கோகிலன்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனைவி மோகனா பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கோகிலன் தோடி ராகத்தை எடுத்து உட்கார்ந்தார். கை நன்றாகப் பேசியது. நேரம் போனதே தெரியவில்லை. எழுந்தபோதுதான் போன் ஓடிக்கொண்டே இருந்தது தெரிந்தது. மூன்று மணி நேரம். வெட்டிச் சுருக்க அவருக்குத் தெரியாது. அப்படியே ஏற்றிவிட்டு, 'தோடி, சாதகம்' என்று தலைப்புப் போட்டுவிட்டுத் தூங்கப்போனார்.

ஒரு மாதத்தில் அது நாலாயிரத்தைத் தொட்டது. மூன்றாம் மாதம் ஒரு லட்சம். ஒரு வருடம் முடிவதற்குள் நாற்பது லட்சம்.

கோகிலன் தினமும் காலையில் பசியாறும்போது புள்ளிவிவரங்களைப் பார்ப்பார். யார் பார்க்கிறார்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று எல்லாம் வரும். அவரை உலுக்கியது கடைசி விவரம்தான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் பார்த்திருந்தார்கள்.

"மோகனா, இதப் பாரு! கடைசி வரைக்கும் உக்காந்து கேட்கிறாங்க!"

மோகனா ரொட்டியில் பட்டர் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "நம்ம கல்யாண வீடியோவே ரெண்டு மணி நேரம்தான். அதையே யாரும் முழுசாப் பார்க்கல."

"அதான் சொல்றேன். இது வேற மாதிரி கூட்டம்லா. ஞானமுள்ள கூட்டம்."

ஊர்களின் பட்டியல்தான் கொஞ்சம் விநோதமாக இருந்தது. நிபோங் தெபால், சித்தியவான், பிறகு தாய்லாந்தில் யாரும் கேள்விப்படாத ஒரு மாவட்டம், பிரேசில், ஹாலந்து. சென்னையிலிருந்து பதினொரு பேர். சங்கீதம் எங்கேயோ உண்மையாகத்தான் போய்ச் சேர்கிறது, நாம் நினைக்கிற இடத்தில் அல்ல என்று கோகிலன் முடிவு செய்தார். நாற்பது லட்சத்துக்குக் கருத்து எழுதியவர் ஒரே ஒருவர்தான். 'பாகுஸ். தெலோர் நாயிக்' என்று மலாயில் எழுதியிருந்தார். நல்லது, முட்டை கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதன் உட்பொருள் என்ன என்று அவரும் மிருதங்கக்காரர் சிவநேசனும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். சிவநேசன் பிறையில் லாரிக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். இருபது வருடக் கூட்டாளி.

"இப்ப பிள்ளைங்க புதுசு புதுசா பேசுறாங்கடா," என்றார் சிவநேசன். "முட்டை கூடிருச்சுன்னா, சூப்பர்னு அர்த்தமா இருக்கும்."

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அரைப் பக்கம் போட்டது. வானொலியில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அந்த வேகத்தில் கோகிலன் ரசிகர் சந்திப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபம், முன்னூறு நாற்காலி. நாற்பது லட்சத்தில் முன்னூறு என்பது ஒன்றுமே இல்லை, கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்றுதான் அவர் கவலைப்பட்டார். மோகனா முன்னூறு பேருக்குக் கேசரி கிண்டினாள்.

வந்தவர்கள் நாலு பேர். மோகனா ஒன்று. சிவநேசன் இரண்டு. ரத்ததான முகாம் என்று நினைத்து வந்துவிட்டு, வெளியே வெயில் அதிகம் என்று உட்கார்ந்துவிட்ட ஒரு பெரியவர் மூன்று. நான்காவதாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்ப் பெண்மணி முப்பது முட்டை அடுக்கிய தட்டோடு படியேறி வந்தார்.

"நீங்கதான் தோடித் தம்பியா?" என்று நல்ல தமிழில் கேட்டார். "என் பேரு நோர்மா. நிபோங் தெபால்ல கோழிப்பண்ணை வச்சிருக்கேன். தோட்டத்துல வளர்ந்தவ, அதான் தமிழ் வருது. இந்தாங்க, இது உங்க ரசிகருங்க குடுத்தது."

கோகிலன் முட்டைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அவங்க வரலீங்களா அக்கா?"

"எல்லாத்தையும் கூட்டிட்டு வரணும்னுதான் எனக்கும் ஆசை. லாரியில ஏத்தினா பயந்துரும்."

"யாரு பயந்துரும்?"

"கோழிங்கதான் தம்பி."

நோர்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, பாதியில் நிறுத்தாமல், ஒரு மருத்துவரிடம் விவரம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். போன வருடம் ஒரு புயல்மழையில் கூரைத் தகரம் பறந்ததிலிருந்து மூன்றாம் கொட்டகைக் கோழிகள் மிரண்டுபோய் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. வைத்தியர் பார்த்தார், தீனி மாற்றினார்கள், பலனில்லை. ஒரு நாள் கொட்டகையில் நின்று போனைத் தடவும்போது விரல் தவறி ஏதோ வீடியோ ஓடத் தொடங்கியது. எண்ணூறு கோழியும் அப்படியே அடங்கி உட்கார்ந்தன. மறுநாள் காலை முட்டை இரண்டு மடங்கு. அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில் தோடி நிற்கவே இல்லை. விஷயத்தைத் தீனி விற்பவரின் வாட்சாப் குழுவில் சொன்னார். அங்கிருந்து சித்தியவான், தாய்லாந்து, பிரேசில். இப்போது உலகம் முழுக்க ஆறாயிரம் கொட்டகையில் ஓடுகிறது.

"இந்த வீடியோவ மட்டும் எடுத்துறாதீங்க தம்பி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சிவநேசன் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். அங்கிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கீழ்த்தளம்வரை எதிரொலித்தது. ரத்ததானப் பெரியவர் மூன்று தட்டுக் கேசரி சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு," என்று கோகிலனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வீடியோவை நீக்கினார். மோகனா மிச்சக் கேசரியை எந்தெந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்து அவள் பாசாரிலிருந்து வெறும் பையோடு திரும்பினாள். முட்டை இல்லையாம். அந்த வாரக் கடைசியில் பினாங்குத் தீவு முழுக்க இல்லை. ரொட்டி சானாய்க் கடைகளில் 'முட்டை ரொட்டி கிடையாது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். கோகிலனின் போனுக்குப் போர்த்துகீசிய மொழியில் நீண்ட நீண்ட செய்திகள் வந்தன. படிக்கத் தெரியாவிட்டாலும் கெஞ்சுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. விஷயம் வாட்சாப் வழியாகத் தொழிற்சாலைக்கும் வந்துவிட்டிருந்தது. காண்டீனில் சூப்பர்வைசர் இஸ்மாயில் தன் நாசி லெமாக் பொட்டலத்தைக் கோகிலன் எதிரில் கொண்டுவந்து பிரித்துவைத்தார். சோறு இருந்தது, சம்பல் இருந்தது, நெத்திலி இருந்தது. முட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் இருந்தது.

"பதினெட்டு வருஷமா உன்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியிருக்கேனா?" என்று மலாயில் கேட்டார் இஸ்மாயில். "அந்த வயலினை மறுபடி போடு."

போட்டார். மூன்றே நாளில் தட்டுப்பாடு நீங்கியது.

அவமானம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காண்டீனில் இப்போது எல்லோருக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. கையை உயர்த்தி நன்றி சொன்னார்கள். நோர்மா மறுபடி போன் செய்து, ஒரே ஒரு தடவை நேரில் வந்து வாசிக்க முடியுமா, வீடியோவுக்கே இப்படி என்றால் நேரில் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது என்றபோது, அவரால் மறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை வயலின் பெட்டியோடு பாலம் தாண்டிப் போனார்.

மூன்றாம் கொட்டகை நீளமானது. இரண்டு பக்கமும் கம்பிவலை, தரையில் மரத்தூள், ஒரு முனையில் கதவு. தீனி மூட்டைகளை அடுக்கி மேலே பாய் விரித்து மேடை போட்டிருந்தார்கள். நோர்மாவின் மருமகன் ஹைக்கல் ஊதுபத்திகூட ஏற்றிவைத்திருந்தான். எங்கோ கச்சேரி வீடியோவில் பார்த்தானாம். கோகிலன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்தார். சுருதி சேர்த்தார். எண்ணூறு கோழிகளும் கொக்கரிப்பதை நிறுத்தின.

ஆலாபனையில் காந்தாரத்தைத் தொட்டு அசைத்தபோது எண்ணூறு தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்தன. ஒருவரும் இருமவில்லை. யாருடைய போனும் அடிக்கவில்லை. யாரும் யாருடைய மகளைப் பற்றியும் விசாரிக்கவில்லை. அவர் ஒரு சங்கதியை எங்கே கொண்டுபோய் முடிக்கப்போகிறார் என்று காத்திருந்து, முடித்ததும் தொண்டைக்குள் மெல்ல 'க்க்க்' என்றன. முப்பத்தோரு வருடத்தில் அப்படி யாரும் அவர் வாசிப்பைக் கேட்டதில்லை. ஊதுபத்தி எப்போது அணைந்தது என்று அவருக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். சிவநேசனையும் கூப்பிட்டார்.

"நான் கோழி திங்கிறவன்டா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதுங்க முன்னால உக்காருவேன்?"

"அது உன் சொந்த விஷயம். தாளம் தப்பாம வாசிச்சாப் போதும்."

வந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து நாசி கண்டார் சோற்றுக் கடையில் கோழிக்குப் பதில் மீன் வாங்கத் தொடங்கினார். கேட்டால் டாக்டர் சொன்னார் என்பார்.

கோகிலனுக்கு மெல்ல மெல்ல ஒரு தோரணை வந்தது. 'கோழிகள்' என்று சொல்வதை விட்டு 'ரசிகர்கள்' என்றார். கல்யாணியைவிடத் தோடிக்கு முட்டை பெரிதாக இருக்கிறது, பைரவிக்குச் சிவப்பாக இருக்கிறது என்று நோர்மா சொன்னதை வேலையிடத்தில் எல்லோருக்கும் சொன்னார். ஹைக்கலின் பிறந்தநாளுக்காக ஒரு சினிமா மெட்டை வாசித்தார்; மறுநாள் முட்டையெல்லாம் காகிதம்போல ஓடு மெலிந்து விழுந்தன. "தரம் தெரிஞ்ச கூட்டம்," என்றார் பெருமையாக. பக்கத்துப் பண்ணையில் வாத்துகளுக்கு வாசிக்கச் சொல்லி ஒருமுறை அழைத்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டார். "வாத்துக்கு ஞானம் கிடையாது. எல்லாம் ஒரே நேரத்துல பேசுதுங்க."

ஹாலந்திலிருந்து ஒரு பண்ணையாளர் சங்கம், புதிய கொட்டகை ஒன்றின் திறப்பு விழாவுக்கு அவரை அழைத்தது. நோர்மாவுக்கு ஒரே குஷி. அவரையும் துணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விமானம் ஏறியதே இல்லை அவர். கோகிலன்தான் குளிர் ஆகாது, லீவு கிடைக்காது என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். தன் ரசிகர்களை விட்டுவிட்டு கூட்டம் பெரிது என்பதற்காக அங்கே போவானேன் என்பதுதான் உள்ளிருந்த காரணம்.

ஒரு நாள் மாலை மோகனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோகிலன் சோபாவில் சாய்ந்து அன்றைய வாசிப்பை வர்ணித்தார்.

"சபாவுல இந்த மாதிரி உக்கார்றாங்களா, சொல்லு. ரெண்டு மணி நேரம். ஒருத்தர்கூட எழுந்து போகல."

மோகனா ஒரு போர்வையின் இரண்டு முனையைச் சேர்த்துப் பிடித்தாள். "கதவு பூட்டியிருக்குல்ல. எங்க போகும்?"

மடித்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலையில் கோகிலன் ஒரு தட்டுச் சில்லைத் தப்பான மெஷினில் செருகினார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நான்காம் நாள் நோர்மாவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, இந்தச் சனிக்கிழமை கதவத் தெறந்து வச்சுட்டு வாசிக்கணும்."

"எந்தக் கதவ?"

"கொட்டகைக் கதவ. போக விரும்புற ரசிகர் போகட்டும்."

எண்ணூறு கோழியைச் செம்பனை மரங்களுக்கு நடுவில் யார் துரத்திப் பிடிப்பது என்று அவர் கேட்பார், சண்டை வரும், அதற்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் கோகிலன் தயாராக வைத்திருந்தார். நோர்மாவோ, "மூணாம் கொட்டகைதானே? சரி தம்பி, தெறந்து வச்சுக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை மோகனாவும் கூட வந்தாள். தான் சொன்ன வார்த்தை இவ்வளவு தூரம் போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு நீலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கதவோரமாக உட்கார்ந்தாள். ஹைக்கல் போனில் படம் எடுக்கத் தயாராக நின்றான். நோர்மா கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்தார். மாலை வெயில் மரத்தூளின்மேல் நீளமாக விழுந்தது.

வர்ணம் வாசிக்கும்போது கோகிலனின் ஓரக்கண் முழுக்கக் கதவின்மேல்தான். இரண்டு கோழிகள் வாசல்வரை போயின. வெளியே பார்த்தன. ஒன்றையொன்று பார்த்தன. திரும்பிவந்து உட்கார்ந்தன. வர்ணம் முடிந்தது, ஒன்றும் போகவில்லை. தோடியைத் தொட்டார். ஒன்றும் போகவில்லை. கோகிலனுக்கு மூச்சு சீராக வரத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் தன்னை மறந்து வாசித்தார். கண்ணைத் திறந்தபோது எண்ணூறும் இருந்தன. மோகனாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி, 'சரி, ஒத்துக்கிறேன்' என்று கண்ணால் சொன்னாள்.

அடுத்து சிவநேசனின் தனி ஆவர்த்தனம். கோகிலன் வில்லை மடியில் வைத்துவிட்டுத் தாளம் போடத் தொடங்கினார். சிவநேசன் முதல் சொல்லைத் தட்டினார்.

எண்ணூறு கோழியும் எழுந்தன.

அவசரப்படவில்லை, முண்டியடிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஆரம்பித்து, இறகை உதறிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வாசலை நோக்கி நடந்தன. மோகனா நாற்காலியிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டாள். வெளியே போனவை செம்பனை மரத்தடியில் கூட்டம் கூட்டமாக நின்று தரையைக் கிளறின, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்தன, தங்களுக்குள் சளசளவென்று பேசிக்கொண்டன. சிவநேசன் கண்ணை மூடி, கோர்வைக்கு மேல் கோர்வையாக அடுக்கிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தபோது கொட்டகையில் ஒரே ஒரு கோழி இருந்தது. அதுவும் எழுந்த இடத்திலேயே மறுபடி படுத்துத் தூங்கிவிட்டிருந்தது.

"என் தனிக்கு எழுந்து போறதுக்கு மனுசனே போதும்டா!" என்று கத்தினார். ஆனால் கையை நிறுத்தவில்லை. தீர்மானத்தை மூன்று தரம் வைத்து முறையாக முடித்தார்.

கோகிலன் வில்லை எடுத்து ஒரு தில்லானாவைத் தொடங்கினார். வெளியே பேச்சு நின்றது. முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு மொத்தமாக வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்தன. முன்னால் உட்கார்ந்திருந்த இடத்தை வேறொருத்தி பிடித்துவிட்டாள் என்று இரண்டு இடத்தில் சண்டை நடந்தது.

"பொழுது சாயுதுங்க," என்றாள் மோகனா மெதுவாக. "அடையறதுக்கு வருதுங்க."

கோகிலன் காதில் அது விழவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வயலின்மேல் சொட்டியது. தனியின்போது எழுந்துபோய், துக்கடாவுக்குத் திரும்பி வருகிறார்கள். கதவு திறந்திருக்கும்போது ஒரு சபாவில் என்ன நடக்குமோ, அச்சு அசலாக அதுவே நடந்திருக்கிறது. இவர்கள் கூண்டில் அகப்பட்ட கோழிகள் அல்ல. முறையான சபை.

கச்சேரி முடிந்தது. ஹைக்கல் கதவைச் சாத்தினான். வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கோகிலன், "அடுத்த வாரமும் தெறந்தே வச்சிருவோம் அக்கா," என்றார்.

நோர்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "அடுத்த வாரம் புதுக் கோழி வருது தம்பி. இதுங்களுக்கு வயசாயிருச்சு. முட்டை குறைஞ்சுபோச்சு. திங்கக்கிழமை லாரி வரும். அதான் கதவத் தெறந்தா பரவால்லன்னு சொன்னேன்."

"லாரி எங்க கூட்டிட்டுப் போகும்?"

நோர்மா கதவோரம் கிடந்த முட்டுக்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்த சிவநேசனின் கை நின்றது.

கோகிலன் பெட்டியை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். இந்த எண்ணூறும் இங்கே வந்து இறங்கிய கொஞ்ச நாளிலிருந்து அவர் வாசிப்பைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

"நான் ஹாலந்துக்கு வரேன் அக்கா," என்றார். "நீங்களும் வாங்க. சன்னலோரம் நீங்களே உக்காருங்க. ஆனா அந்த லாரி வரக்கூடாது."

"முட்டை போடாத கோழிக்கு யாரு தம்பி தீனி போடுறது?"

"அக்கா, முப்பது வருசமா கொட்டாவி விட்ட ஆளுங்களுக்கெல்லாம் நான் வாசிச்சிருக்கேன். இதுங்க ஒன்றரை வருசம் உக்காந்து கேட்டுச்சு. இதுக்கு மேல என்ன செய்யணும் அதுங்க?"

நோர்மா கொட்டகையைப் பார்த்தார். பரணில் ஏறி நெருக்கமாக உட்கார்ந்து, பாதி கண் மூடியிருந்த எண்ணூறையும் பார்த்தார். "பின்னால ரம்புத்தான் மரத்துக்கிட்ட வேலி போட்டா நிக்கும்," என்றார் கடைசியில். "கோழி பிடிக்க வரவன் என்னைக் கிறுக்கச்சின்னுதான் சொல்லுவான். சொல்லட்டும். சன்னலோரம்னா மேகம் தெரியுமா தம்பி?"

ஏப்ரலில் இருவரும் ஹாலந்துக்குப் போனார்கள். இருபதாயிரம் கோழிகள். கோகிலனுக்கு முதல் நாளே சளி பிடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தார். அங்குள்ள கோழிகளுக்கு அதுவும் பிடித்தது. நோர்மா போகும்போதும் வரும்போதும் தூங்காமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்தபோது ஹைக்கல் எடுத்த கதவு திறந்த கச்சேரியின் படம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு லட்சம். இம்முறை மனிதர்கள். ஆறாயிரம் பேர் கருத்து எழுதியிருந்தார்கள். பாதிப்பேர் கோழிகளைப் பற்றியும், கால்வாசிப்பேர் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீலச் சேலை அக்கா யார் என்பதைப் பற்றியும், மிச்சப்பேர் சிவநேசனுக்கு ஆறுதலாகவும் எழுதியிருந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் மட்டும், பதினான்காவது நிமிடத்தில் காந்தாரம் நின்ற இடம் மிகச் சரி என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைக் கோகிலன் மோகனாவுக்கு ஏழு தடவை படித்துக்காட்டினார்.

உள்ளூர் சபா ஒன்றின் செயலாளர் விஸ்வலிங்கம் ஒரு நாள் போன் செய்தார். டிசம்பர் விழாவில் தனிக் கச்சேரி தருவதாகச் சொன்னார். ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். மேடையில் கோழி ஒரு பத்து உருப்படி நின்றால் சிறப்பாக இருக்கும்.

"அவங்க மேடையேற மாட்டாங்க ஐயா," என்றார் கோகிலன். "வேணும்னா முன்வரிசையில டிக்கெட் குடுங்க."

செயலாளர் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வேலையைக் கோகிலன் விடவில்லை. சனிக்கிழமைகளில் நிபோங் தெபால். மூன்றாம் கொட்டகையில் இப்போது இருப்பவை இளசுகள். முதல் நாள் அவர் சுருதி சேர்த்தவுடன் எண்ணூறும் அலறிப் புடைத்து மூலையில் போய்க் குவிந்தன. தோடியை எடுத்தார், இன்னும் மோசம். தூசியும் இறகுமாகப் பறந்தது. நோர்மா தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லாம் கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு வாசித்து வாசித்து, ஒன்றும் தெரியாத கூட்டத்துக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதே கோகிலனுக்கு மறந்துவிட்டிருந்தது.

வில்லை இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தார். பிறகு மாயாமாளவகௌளையை எடுத்து, ஸரிகமபதநி என்று சரளி வரிசையை, ஒவ்வொரு சுரமாக, மிக மெதுவாக வாசித்தார். சிவநேசன் மிருதங்கத்தைத் தொடவில்லை; தொடையில் மட்டும் தாளம் போட்டார். பின்வேலியில் ரம்புத்தான் மரத்தடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவை, இது நமக்குத் தெரிந்ததுதானே என்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறப்போயின.

பத்தாவது தடவை வாசிக்கும்போது மூலையிலிருந்து ஒரு இளசு இரண்டடி முன்னால் வந்து தலையைச் சாய்த்தது. இரண்டாம் வேகத்துக்குப் போகலாமா என்று கோகிலன் யோசித்தார். வேண்டாம், இன்னும் இரண்டு வாரம் முதல் வேகத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்து, மறுபடி ஷட்ஜத்தில் வில்லை வைத்தார்.